நடிகர்மேல் புகார் எழுந்தால் படத்தின் கதி என்ன?

மலேசியாவின் உள்ளூர்த் தமிழ்ப் பட ஒப்பந்தங்களில் சம்பளம் இருக்கும், கால்ஷீட் இருக்கும், போக்குவரத்துச் செலவுகூட இருக்கும். நடிகர்மேல் புகார் எழுந்தால் என்ன செய்வது என்ற விதிதான் பெரும்பாலும் இருக்காது.

ஹாலிவுட்டில் அந்த விதிக்கு வயது நூறுக்கு மேல். 1921இல் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் ஒரு நடிகையின் மரண வழக்கில் கைதானதும் யுனிவர்சல் நிறுவனம் ஒழுக்க விதியை ஒப்பந்தத்தில் சேர்த்தது. 1922இல் ஆர்பக்கிள் நிரபராதி எனத் தீர்ப்பு வந்தது. பழைய இடம் திரும்பவில்லை. நம் நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் கதையும் அதுதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, 1947இல் விடுதலையானார். இழந்த புகழ் இழந்ததுதான். அதனால்தான் விதியின் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்து எழுதும்படி தயாரிப்பாளர்களுக்குச் சொல்கிறோம்.

'பெயர் கெட்டால் நீக்கலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். யார் கண்ணில் கெட்டது என்றே வழக்கு இழுக்கும். போலீஸ் புகாரை யாரும் கொடுத்துவிடலாம். அதை வைத்து நீக்குவது அநியாயம். தண்டனை வரும்வரை காத்திருந்தால் படம் திரைக்கு வந்தே போய்விடும். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டால் இடைநிறுத்தம், தண்டனையோ குற்ற ஒப்புதலோ வந்தால் நீக்கம் எனப் பிரித்து எழுதுவதே எங்கள் பரிந்துரை.

சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கொடுத்தபின் விதி இருந்தும் பயனில்லை. கையெழுத்துக்கு 20 விழுக்காடு, படப்பிடிப்பு நாள் கணக்கில் 50, டப்பிங் முடிந்ததும் 15, விளம்பரப் பணி முடிந்தபின் 15 என்று பிரியுங்கள். குரலையும் காட்சிகளையும் வேறொருவரைக் கொண்டு மாற்றும் உரிமையைத் தனி வரியாக எழுதுங்கள். 'மீறினால் இரண்டு லட்சம் ரிங்கிட்' என்ற மிரட்டலை நம்பிவிடாதீர்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

2017இல் பாலியல் புகாருக்கு ஆளான நடிகர் கெவின் ஸ்பேசியின் காட்சிகளை இயக்குநர் ரிட்லி ஸ்காட், நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்து ஒன்பது நாளில் மீண்டும் எடுத்தார். செலவு சுமார் ஒரு கோடி டாலர். நம் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. துணை நடிகர்களைத் தனி ஷாட்களிலும் எடுத்து வைத்தால், பின்னால் வெட்டவோ மாற்றவோ வழி இருக்கும்.

செய்தி கசிந்த முதல் இரண்டு நாளில் முகநூலில் 'குற்றவாளி' என்று எழுதாதீர்கள். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் உங்கள்மேலேயே பாயலாம். புலனக் (வாட்ஸ்அப்) குழு உரையாடல்களை அழிக்காதீர்கள், அவை சாட்சியம். புகார் கொடுத்தவர் உங்கள் குழுவிலேயே இருந்தால், முதலில் இருவரின் கால்ஷீட்டையும் பிரியுங்கள். புகாரை மீட்டுக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. பாலியல் தொல்லைக்கு எதிராக 2022ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

விளம்பர ஆதரவாளரும் தொலைக்காட்சி நிலையமும் உங்களோடு போடும் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். அங்கே வெறும் புகாருக்கே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றிருந்து, நடிகர் ஒப்பந்தத்தில் தண்டனை வந்தால்தான் நீக்கலாம் என்றிருந்தால், இடைப்பட்ட காலத்தின் மொத்த நட்டமும் தயாரிப்பாளர் தலையில்தான். இரண்டிலும் ஒரே வரையறை இருக்கட்டும்.