கேம் விருது: எத்தன மணி நேரம் வெளையாடிட்டு ஓட்டுப் போட்டாங்க?

2023 டிசம்பர்ல ஒரு நாள் சிங்கப்பூர்ல எங்க புளோக்குக்குக் கீழ கோப்பி வாங்கிட்டு நிக்கிறேன், எட்டாவது மாடி அக்கா பிடிச்சுக்கிட்டாங்க. "தம்பி, நீ கேம் கம்பெனிலதான வேலை பாக்குற, என் பையன் ஏதோ ஒரு கேம் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், உலகத்துலயே நம்பர் ஒன்னுன்னு பரிசு குடுத்திருக்காங்களாம், வாங்கித் தரலாமா?" பையனுக்கு 12 வயசு, பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி முடிக்கிற பரீட்சை) ரிசல்ட் நல்லா வந்த குஷி. அவன் கேட்டது பால்டர்ஸ் கேட் 3. அருமையான கேம்தான், ஆனா ரத்தமும் படுக்கையறையும் கலந்த, 100 மணி நேரம் இழுக்குற பெரியவங்க சமாச்சாரம். விருது குடுத்தவங்க யாரும் 12 வயசுப் பையன மனசுல வெச்சுக் குடுக்கல.

நான் 11 வருஷமா கேம் டெஸ்டர், வெளிய வர்றதுக்கு முன்னாடி கேம்ல தப்பு கண்டுபிடிக்கிற வேலை. (எங்கம்மா ஊர்ல சொல்றது "விளையாடியே சம்பளம் வாங்குறான்". ஒரே கதவ 300 தடவ தொறந்து மூடுறது விளையாட்டுன்னா சரிதான்.) விருதப் பத்தி என்கிட்ட எல்லாரும் கேக்குறது ஒன்னுதான்: "காசு குடுத்து வாங்குறாங்களாமே?"

பணம் இருக்கு, ஆனா அது வேற வாசல் வழியா வருது. பால்டர்ஸ் கேட் 3க்கு அந்தப் பரிசு குடுத்த தி கேம் அவார்ட்ஸ தொகுப்பாளர் ஜெஃப் கீலி 2014லேருந்து நடத்துறாரு, நமக்கு வெள்ளிக்கிழமை காலையில 9 மணிக்கு ஆரம்பிக்கும், எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு ஒரு கண்ணு அதுலதான். அது பாதி விருது விழா, பாதி விளம்பர மேடை. அவரோட இன்னொரு நிகழ்ச்சியான சம்மர் கேம் ஃபெஸ்ட்ல 2024ல ஒரு நிமிஷ டிரெய்லருக்கு 2,50,000 அமெரிக்க டாலர்னு எஸ்கொயர் பத்திரிகையில வந்துச்சு. நிமிஷத்துக்கு இவ்ளோன்னா மேடையில நேரம் யாருக்குப் போகும்? அந்த 2023 விழாவுலயே பால்டர்ஸ் கேட் 3 இயக்குநர் ஸ்வென் விங்க இறந்துபோன சக ஊழியர நினைச்சுப் பேசிட்டிருக்கும்போதே எதிர்ல திரையில "சீக்கிரம் முடிங்க"ன்னு எழுத்து ஓடுச்சு. அதே ராத்திரி புது கேம் அறிவிக்க வந்த பிரபல ஜப்பான் கேம் இயக்குநர் கோஜிமாவுக்கு நிமிஷக்கணக்கா நேரம் கிடைச்சுது.

ஜெயிக்கிறது யாருன்னு முடிவு பண்றது தனிக் கணக்கு: பல நாட்டு பத்திரிகை, மீடியா ஜூரி ஓட்டுக்கு 90 சதவீதம், மக்கள் ஓட்டுக்கு 10. இதுல லஞ்சத்த விட எனக்கு பயம் நேரம்தான், ஏன்னா நானே அந்த எடத்துல உக்காந்திருக்கேன்.

சில வருஷம் முன்னாடி இந்தப் பக்கத்து சின்ன விருது ஒன்னுக்கு என்ன ஜூரியா கூப்பிட்டாங்க, பேரு வேணாம். 14 கேம், 9 நாளு, பகல்ல வேலை. எக்செல் ஷீட்ல கதை, கிராஃபிக்ஸ், கன்ட்ரோல், இசைன்னு கட்டம் கட்டமா இருக்கும், பத்துக்கு மார்க். சர்க்கிள் லைன் ட்ரெயின்ல கூட்டத்துல நின்னுக்கிட்டே ஒரு சின்ன கேம ஸ்டீம் டெக்ல (கையில வெச்சு ஆடுற கேம் கருவி) ஓட்டுறேன், ஹெட்போன வீட்ல மறந்துட்டேன், சத்தத்த ஆஃப் பண்ணிட்டு 40 நிமிஷம் ஆடினேன். ராத்திரி அந்த ஷீட்ட தொறந்து இசைக்கு 6 போட்டேன். ஆமா, கேக்காத இசைக்கு. ரெண்டு மாசம் கழிச்சு பொறுமையா முழுசா ஆடுனா மூணாவது மணி நேரத்துல அந்தக் கேமே தலைகீழா மாறுது, அத மாத்துறதே பின்னாடி ஓடுற பாட்டுதான். அது இறுதிப் பட்டியலுக்கே வரல. முடிச்சியா, எத்தன மணி நேரம் ஆடினன்னு கேக்க அந்த ஷீட்ல ஒரு கட்டம் கூட இல்ல.

அதனாலதான் ஏற்கனவே எல்லாரும் ஆடிட்ட பெரிய கேமுக்கு ஓட்டு தானா விழுது. பலாட்ரோ மாதிரி ஒரே ஆள் பண்ணின கேம் 2024ல 'கேம் ஆஃப் தி இயர்' பட்டியல்ல வந்தது சந்தோஷம், ஆனா அது அதுக்குள்ள ஊரே ஆடுன கேம்.

அப்ப மக்களே ஓட்டுப் போட்டா சரியாயிடுமான்னா அதுவும் இல்ல. 2022ல அதே விழாவுல முழுக்க மக்கள் ஓட்டுல போற 'பிளேயர்ஸ் வாய்ஸ்' விருதுக்கு ஜென்ஷின் இம்பாக்ட், சோனிக்ங்கிற ரெண்டு கேமோட ரசிகர்களுக்கும் குடுமிப்பிடி சண்டை, பாட் (தானா ஓட்டுப் போடுற புரோகிராம்) வெச்சு ஓட்டுப் போடுறாங்கன்னு மாத்தி மாத்தி புகார், கடைசில ஜென்ஷின் ஜெயிச்சு ஆட்டக்காரங்களுக்கு பிரிமோஜெம், அதாவது அந்தக் கேமுக்குள்ள செலவு பண்ற காசு, இலவசமா வந்துச்சு. முந்தின வருஷம் மொபைல் கேம் விருது ஜெயிச்சப்பவும் வந்துச்சு, அதனால ஓட்டுப் போட்டவன் எதுக்குப் போட்டான்னு சொல்ல முடியாது. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில 2023க்கு மக்கள் ஓட்டுப் போட்ட 'புதுமையான ஆட்டம்' விருது, புதுசா ஒன்னுமில்லன்னு பலர் திட்டின ஸ்டார்ஃபீல்டுக்குப் போச்சு, அது ஓட்டா நக்கலான்னே இன்னும் பேசுறாங்க.

விதி மாறினா முடிவும் மாறும். 2025ல எக்ஸ்பெடிஷன் 33ங்கிற கேம் தி கேம் அவார்ட்ஸ்ல 9 விருது அள்ளுச்சு. அடுத்த சில நாள்லயே, இண்டி (பெரிய கம்பெனி சாராத சின்னக் குழு) கேமுக்கு விருது குடுக்குற இண்டி கேம் அவார்ட்ஸ் அதே கேமுக்குக் குடுத்தத ஏஐ பயன்படுத்துனாங்கன்னு திரும்ப வாங்கிடுச்சு. 2023ல டேவ் தி டைவர்ங்கிற கேம் தி கேம் அவார்ட்ஸோட 'இண்டி' பட்டியல்ல நின்னுச்சு, பண்ணினது நெக்ஸான்ங்கிற பெரிய கம்பெனியோட குழு.

அக்காகிட்ட இவ்ளோவும் சொல்லல. கேம் எதுக்கு விருது வாங்குச்சு, யாரு குடுத்தாங்க, வயசு என்ன போட்டிருக்கு, இது மூணையும் பையனையே தேடிச் சொல்லச் சொல்லுங்கன்னேன். வயசு பாத்ததும் அவனே வாயத் தொறக்கலையாம்.

அந்த ஜூரி மெயில் மறுபடியும் வந்துச்சு. வர்றேன், ஆனா ஷீட்ல 'ஆடின நேரம்'னு ஒரு கட்டம் சேருங்கன்னு பதில் போட்டேன். "நல்ல யோசனை, பேசிட்டுச் சொல்றோம்"னாங்க. அடுத்த வாரம் ஜூரி லிஸ்ட் வெளிய வந்துச்சு, என் பேரு இல்ல.