வெள்ளம் வடிந்த பின் சமமாகத் தெரியும் படுகையை நம்பாதீர்கள்

'தூண்களைச் சுற்றிப் பார்வையிட்டோம். படுகை சமமாக உள்ளது. அரிப்பு இல்லை.' வெள்ளம் வடிந்த ஒவ்வொரு முறையும் இதே மூன்று வரி என் மேசைக்கு வருகிறது. பாலத்தின் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

சமமாகத்தான் இருக்கும்! தூணில் மோதும் நீர் அதன் முகப்பை ஒட்டிக் கீழே பாய்ந்து, அடியில் லாட வடிவச் சுழலாகி இருபுறமும் மண்ணை வாரிக்கொண்டு போகும். குழி மிக ஆழமாக இருப்பது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது. வேகம் தணிந்ததும் மேலிருந்து வரும் மணல் அதிலேயே படிந்துவிடும். நீங்கள் போய்ப் பார்க்கும் நாளில் குழியே தெரியாது. ஆனால் படிந்திருப்பது பழைய இறுகிய மண் இல்லை, உதிரி மணல். அஸ்திவாரத்துக்குப் பிடிமானம் என்று நாங்கள் கணக்கில் எழுதிய வலு அதில் கிடையாது. அடுத்த வெள்ளத்தில் முதலில் போவதும் அதுதான். நம்பிக்கை வரவில்லையா? கம்பியைக் குத்திப் பாருங்கள். சுற்றிலும் இறங்காத கம்பி அங்கே மட்டும் சரசரவென்று இறங்கும்.

1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். தூணடி மண் ஒரே நாளில் போய்விடவில்லை. முந்தைய வெள்ளங்களும் அரித்திருந்தன.

ஒல்லியான தூணுக்கே குழி அதன் அகலத்தைப்போல் சுமார் 2.4 மடங்கு ஆழம் போகலாம். 2 மீட்டர் தூண் என்றால் ஏறக்குறைய 5 மீட்டர். மரக்கட்டைகள் சிக்கினால் தண்ணீருக்குத் தூண் இன்னும் அகலம், குழி இன்னும் ஆழம்.

அப்புறம் இந்த 'நாலு லோடு கல் கொட்டிட்டோம் சார்' வைத்தியம். படுகைக்கு மேல் குவித்த கல்லே தண்ணீருக்கு இன்னொரு தடை. அடியில் வடிகட்டி அடுக்கு இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியே மண் வெளியேறி, கல் புதைந்துபோகும். கல்லின் மேல்மட்டம் படுகை மட்டத்தைத் தாண்ட வேண்டாம்.

தயவுசெய்து வெள்ளம் ஓடும்போதே குழியின் ஆழத்தை அளந்துவிடுங்கள். பாலத்தின் மேல் நின்று சோனாரை (ஒலி அலையால் ஆழம் அளக்கும் கருவி) இறக்கினால் போதும். அது இல்லையென்றால் கயிற்றில் கட்டிய கனமான குண்டு. ஆளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. சிக்கிய கட்டைகளை மழைக்காலத்துக்கு முன்பே அகற்றுங்கள். குழி எந்த ஆழத்தை எட்டினால் போக்குவரத்தை நிறுத்துவது என்பதை வடிவமைப்புப் பொறியாளரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அந்த ஆழம் வந்துவிட்டால் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்காமல் பாலத்தை மூடுங்கள்.