'ஓசோன் சேஃப்' என்று எழுதிய டின்: உலோகம் கழுவும் பட்டறைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டிலிருந்து தமிழக எல்லையிலுள்ள வாளையாறு செக்போஸ்ட் வரை லேத், பிளேட்டிங், பவுடர் கோட்டிங் என்று எந்த வேலை நடந்தாலும், உலோகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் அடுத்த வேலைக்குக் கை வைக்க முடியாது. கோயம்புத்தூரிலிருந்து ஜாப் ஒர்க்குக்கு வரும் பம்ப் பாகத்துக்கும் இதுதான் நிலைமை. எண்ணெயோடு பிளேட்டிங் தொட்டியில் இறக்கினால் நிக்கல் பிடிக்காது, பெயின்ட் அடித்தால் உரியும். அதனால் ஒவ்வொரு பட்டறையிலும் ஏதாவது ஒரு கரைப்பான் பேரல் இருக்கும். அந்தப் பேரலுக்குள் என்ன இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதை 2000ஆம் ஆண்டிலிருந்தே ஒரு மத்திய அரசு விதி கட்டுப்படுத்தி வருகிறது. அதை ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக்குகளுக்கான விதி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர்கள்தான் அதிகம்.

கரைப்பான் விற்பவரோ, "ஓசோன் சேஃப் சார், பயமே வேண்டாம்" என்று சொல்லி டின்னை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்கான பதில். தொட்டியருகே நிற்கும் பையனின் உடம்புக்கு என்ன ஆகும், மிஞ்சும் கழிவு எங்கே போகும், பொல்யூஷன் போர்டு வந்தால் என்ன காட்டுவது என்பதற்கெல்லாம் அந்த இரண்டு சொற்களில் பதில் கிடையாது.

எவை தடை

ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள்களைப் படிப்படியாக ஒழிக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992இல் சேர்ந்தது. அதை இங்கே நடைமுறைப்படுத்த, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ், 'ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருள்கள் (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000' வந்தன. இதைக் கவனிப்பது டெல்லியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் உள்ள ஓசோன் பிரிவு.

கழுவும் வேலையில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை நான்கு. முதலாவது கார்பன் டெட்ராகுளோரைடு. பட்டறைப் பேச்சில் 'சிடிசி'. ஒரு காலத்தில் துணிக்கறை எடுப்பது முதல் மெஷின் பாகம் துடைப்பது வரை இதுதான். மலிவு, தீப்பிடிக்காது, எண்ணெயை உடனே கரைக்கும். 2010 ஜனவரி 1 முதல் கழுவும் வேலைக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. வேறு ரசாயனம் தயாரிக்க மூலப்பொருளாகவும், ஆய்வகத் தேவைக்கும் இன்னும் அனுமதி உண்டு. அதனால் பொருள் நாட்டில் இல்லாமல் போய்விடவில்லை. "பழைய சரக்கு கொஞ்சம் இருக்கு" என்று யாராவது வந்து நின்றால் வாங்காதீர்கள். இரண்டாவது, எலக்ட்ரானிக்ஸ் பாகங்களைக் கழுவப் பயன்பட்ட சிஎஃப்சி-113. மூன்றாவது மீதைல் குளோரோஃபார்ம். இதற்கு வளரும் நாடுகளுக்கு ஒப்பந்தம் கொடுத்த கடைசிக் கெடு 2015. நான்காவது எச்சிஎஃப்சி-141பி. இது 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

மீதைல் குளோரோஃபார்மின் இன்னொரு பெயர் 1,1,1-டிரைகுளோரோஈத்தேன். இன்றும் பிளேட்டிங் கடைகளில் ஓடுவது டிரைகுளோரோஎதிலீன். முன்னது தடை செய்யப்பட்டது, பின்னது இந்த விதியின் பட்டியலிலேயே கிடையாது. கடையில் இரண்டுக்கும் 'டிரைகுளோர்' என்றே பெயர். எனவே பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். சரக்கோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் மூன்றாம் பிரிவில் ஒவ்வொரு பொருளுக்கும் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகம் முழுக்க ஒரே அடையாள எண்) இருக்கும். சிடிசிக்கு 56-23-5. மீதைல் குளோரோஃபார்முக்கு 71-55-6. சிஎஃப்சி-113க்கு 76-13-1. எச்சிஎஃப்சி-141பிக்கு 1717-00-6. இந்த நான்கில் எது தென்பட்டாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம். டிரைகுளோரோஎதிலீன் என்றால் 79-01-6 என்று இருக்கும். தாளே தராத வியாபாரியிடம் வாங்குவது, மருந்துச் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி விழுங்குவது மாதிரி.

விதியை மீறினால் முன்பு சிறைத் தண்டனை வரை இருந்தது. 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான பொதுவான அபராதம் 10 ஆயிரம் ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை. சின்னப் பட்டறைக்கு 15 லட்சம் என்பது கடையை மூடும் தொகை.

தடை இல்லை என்பதால் நல்லது என்றில்லை

சிடிசி போனதும் பலரும் டிரைகுளோரோஎதிலீனுக்கு மாறினார்கள். பெர்குளோரோஎதிலீன், மெத்திலீன் குளோரைடு, என்-புரோப்பைல் புரோமைடு என்று மாறியவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னது ஓசோனைக் கொஞ்சம் பாதிக்கக்கூடியது. ஆனாலும் மான்ட்ரியல் பட்டியலில் அது இல்லை.

உடம்பு விஷயத்தில் கதையே வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டிரைகுளோரோஎதிலீனை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றுக்கான பிரிவு அது. பெர்குளோரோஎதிலீனும் மெத்திலீன் குளோரைடும் அதற்கு ஒரு படி கீழே. தொழிற்சாலைச் சட்டம் 1948இன் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்கு டிரைகுளோரோஎதிலீனுக்குக் காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்ற உச்ச அளவை வைத்தது. அளந்து பார்த்த பட்டறை எத்தனை என்று கேட்காதீர்கள்.

ஒரு ஆவித் தொட்டியைக் கிட்ட நின்று பார்த்தால் புரியும். அடியில் ஹீட்டர். கரைப்பான் 87 டிகிரியில் கொதிக்கிறது. மேலே ஏறும் ஆவி, தொட்டியின் மேல் விளிம்புக்குக் கீழே ஓடும் குளிர்நீர்க் குழாயில் பட்டு மறுபடி திரவமாகிச் சொட்டுகிறது. இடையில் நிற்கும் ஆவியில் பித்தளைப் பாகங்களைக் கூடையோடு இறக்கினால், குளிர்ந்த உலோகத்தில் ஆவி படிந்து எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே போகும். அருமையான ஏற்பாடுதான். தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும்? ஆவி விளிம்பைத் தாண்டி வழியும். அது காற்றைவிட நாலரை மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படரும், பள்ளத்தில் தேங்கும். தொட்டியைச் சுத்தம் செய்யக் குனிந்து இறங்குபவர் மயங்கி விழும் ஆபத்து இதில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே வெல்டிங் நடந்தால் இன்னும் மோசம். வெல்டிங் சூட்டில் இந்தக் குளோரின் கரைப்பான்களின் ஆவி சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். அலுமினியத் தூள் சேர்ந்தால் கரைப்பான் அமிலமாகிச் சூடேறி, தொட்டியே கட்டுக்கடங்காமல் போகலாம். அலுமினிய வேலை பார்க்கும் பட்டறைகள் அடியில் படிந்த சகதியை நாள் கடத்தாமல் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

குளோரின் இல்லாத எச்எஃப்சி (ஹைட்ரோஃப்ளூரோகார்பன்) வகைக் கரைப்பான்களை 'புது டெக்னாலஜி' என்று விற்கிறார்கள். ஓசோனுக்குத் தீங்கில்லை, பெரும்பாலும் நெருப்பும் பிடிக்காது, விலைதான் கையைக் கடிக்கும். ஆனால் இவை பூமியைச் சூடாக்குபவை. எச்எஃப்சியைக் குறைக்க மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் செய்த கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028இல் எச்எஃப்சி பயன்பாட்டுக்கு உச்ச வரம்பு வரும், அதற்கு மேல் கூடக் கூடாது. 2032இல் 10 விழுக்காடு குறைப்பில் தொடங்கி 2047இல் 85 விழுக்காடு வரை போக வேண்டும். இன்றைக்குக் கடன் வாங்கி அதற்கென்று மெஷின் போடுபவர் இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எதில் கழுவுவது

முதலில் கேட்க வேண்டியது, கழுவத்தான் வேண்டுமா என்பதை. லேத்தில் கெட்டி எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் கரையும் கூலன்ட் ஓட்டினால் பாதிப் பிசுக்கு வருவதே இல்லை. சர்க்யூட் போர்டு வேலையில் கழுவத் தேவையில்லாத ஃப்ளக்ஸ் (பற்றவைக்க உதவும் பொருள்) வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

கழுவியே ஆக வேண்டும் என்றால், என் கணிப்பில் நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரக் (ஆல்கலி) கலவைத் தண்ணீர்தான் பொருத்தம். 50 முதல் 70 டிகிரி சூட்டில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, சூடான காற்றில் உலர்த்த வேண்டும். துளையும் மரையும் உள்ள பாகத்துக்கு அல்ட்ராசோனிக் தொட்டி. இரும்பு உடனே துருப்பிடிக்கும் என்பதால் கடைசி அலசலில் துருத் தடுப்பான் சேர்க்க வேண்டும். அலுமினியத்துக்குக் கடும் காஸ்டிக் ஆகாது, மேற்பரப்பையே அரித்துவிடும். அதற்கென்று மிதமான கலவைகள் கிடைக்கின்றன. தண்ணீரே படக் கூடாத பாகமென்றால், தீப்பற்றும் வெப்பநிலை 60 டிகிரிக்கு மேலுள்ள ஹைட்ரோகார்பன் கரைப்பானை மூடிய மெஷினில் பயன்படுத்தலாம். மண்ணெண்ணெயைத் திறந்த வாளியில் ஊற்றி பனியன் வேஸ்ட்டால் துடைப்பதும் ஓசோனுக்குத் தீங்கில்லாத முறைதான். தீயணைப்புத் துறைக்காரரிடம் மட்டும் அப்படிச் சொல்லிப் பார்க்காதீர்கள்.

தண்ணீருக்கு மாறுபவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கரைப்பானில் கழுவியபோது கழிவுநீர் இல்லை. இப்போது எண்ணெயும் காரமும் கலந்த கழிவுநீர் வரும். எனவே தண்ணீர்ச் சட்டம் 1974இன் கீழ் வாங்கிய இயக்க அனுமதியில் இந்த மாற்றத்தைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் சுத்திகரிப்பும் வைத்த பிறகே தொடங்க வேண்டும். இங்கே ஓடையில் விட்டால் அது கோரையாறு, கல்பாத்திப்புழை வழியாகப் பாரதப்புழைக்குத்தான் போகும்.

கழிவும் செக்போஸ்ட்டும்

அழுக்காகிப் பயன்படாமல் போன கரைப்பான், தொட்டியடிச் சகதி, வடித்த மிச்சம் எல்லாம் அபாயகரக் கழிவு விதிகள் 2016இன் முதல் அட்டவணையில் வருகின்றன. படிவம் 1இல் விண்ணப்பித்து மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அங்கீகாரம் பெற வேண்டும். கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அளவு குறைவான பட்டறைகளுக்கு வாரியம் இதை நீட்டித்துத் தரலாம். படிவம் 3இல் பதிவேடு, ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் கணக்கு.

கேரளப் பக்கத்துக் கழிவுக்குக் கொச்சி அம்பலமேட்டில் பொது அழிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் கஞ்சிக்கோட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர் ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே எடுப்பவர் ஒருவர் இருப்பார், நாலு பேரலை மினி லாரியில் ஏற்றி அனுப்பத் தோன்றும். விதி அப்படி விடுவதில்லை. வேறு மாநிலத்தில் அழிப்பதற்காக அனுப்பினால், இரண்டு மாநில வாரியங்களிடமும் ஆட்சேபனை இல்லாச் சான்று வாங்க வேண்டும். மறுசுழற்சிக்கு என்றால் சான்று வேண்டாம், ஆனால் சரக்கை ஒப்படைக்கும் முன் இரண்டு வாரியங்களுக்கும் தகவல் தர வேண்டும், எடுப்பவருக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். எதுவானாலும் வண்டியோடு, கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று காட்டும் படிவம் 10 போக வேண்டும். வாளையாற்றில் வண்டியை நிறுத்தினால் டிரைவர் எடுத்துக் காட்ட வேண்டிய தாள் அதுதான். பில்லில் 'ஸ்க்ராப் ஆயில்' என்று எழுதி அனுப்புவது சிலருக்கு வழக்கம். பிடிபட்டால் டிரைவரோடு போகாது, அனுப்பிய பட்டறை வரை வரும்.

பணம் கிடைக்குமா

சிடிசியை ஒழித்தபோது மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பன்னாட்டு நிதியிலிருந்து இந்தியப் பட்டறைகளுக்கும் உதவி வந்தது. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, அதன் பெயரில் இப்போது யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். இன்றைக்குக் கேட்டுப் பார்க்கத் தக்கது குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் இசட்இடி (குறையில்லாத பொருள், சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லாத உற்பத்தி) சான்றிதழ் திட்டம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் போதும். சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 விழுக்காடும் சிறுதொழிலுக்கு 60 விழுக்காடும் மானியம். வெண்கல நிலைக்குக் கட்டணம் 10 ஆயிரம் என்றால் குறுந்தொழில் கையிலிருந்து கட்டுவது 2 ஆயிரம். மாசைக் குறைக்கும் மாற்றங்களுக்கு ஆலோசனை உதவியாகப் பட்டறை ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை திட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். மெஷின் ஆர்டர் கொடுக்கும் முன்பே பாலக்காட்டில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். வாங்கிய பிறகு பில்லைக் கொண்டுபோனால் கிடைப்பது கஷ்டம்.

மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பதிலும் தமிழிலேயே வர வேண்டும்.