சேகோ தேவாலயத்தில் அந்த மூன்று மணி நேரம்

2006 ஜனவரி 2 காலை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில், அடைத்து மூடியிருந்த பழைய பகுதியில் மீத்தேன் வாயு வெடித்தது. உள்ளே சிக்கியவர்கள் 13 பேர். வெடித்த சிறிது நேரத்திலேயே ஒருவர் இறந்தார். மற்றவர்கள் திரைத்துணியால் தடுப்புக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கையிலிருந்த சுவாசக் கருவிகளோ சுமார் ஒரு மணி நேரத்துக்கானவை.

குடும்பங்கள் சேகோ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி ஜெபித்தன. மறுநாள் நள்ளிரவை ஒட்டி "12 பேரும் உயிரோடு இருக்கிறார்கள்" என்று செய்தி வந்தது. மணி ஒலித்தது, துதிப்பாடல் எழுந்தது. பிழைத்தவர் ஒருவர்தான் என்ற உண்மை அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து. முகமூடி அணிந்த மீட்பர்கள் பேசியது, சுரங்கத்துக்குள் பல கை மாறி வந்ததில் திரிந்துபோயிருந்தது. தவறு என்று தெரியவந்த பிறகும், முழுசாக உறுதியாகட்டும் என்று மீட்புப் பணியை நடத்தியவர்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்புதான் ஆறாத காயம். அற்புதத்துக்கு நன்றி சொன்ன வாயாலேயே அழ வேண்டியதாயிற்று.

ஆகவே இப்படியொரு விபத்தில் காத்திருக்கும் குடும்பங்களிடம் ஒரே ஒருவர்தான் பேச வேண்டும். மணிக்கொரு முறை, சொன்ன நேரத்தில். புதிதாக எதுவும் இல்லையென்றால் அதையே சொல்லுங்கள். முந்தைய தகவலில் சந்தேகம் எழுந்தால், "முன்பு சொன்னது உறுதியில்லை" என்று அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். சேகோவுக்குப் பின் அதே ஆண்டு வந்த அமெரிக்கச் சுரங்கச் சட்டம், குடும்பங்களுடன் தொடர்பில் இருக்க அரசுத் தரப்பில் ஓர் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது.

மரணச் செய்தியைக் கூட்டத்தில் அறிவிக்காதீர்கள். தனி அறையில், குடும்பம் குடும்பமாக, உட்காரவைத்து, "இறந்துவிட்டார்" என்றே சொல்லுங்கள். "கஷ்டப்பட்டாரா?" என்று கேட்பார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். சேகோவில் சிலர் கடைசிக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார்கள், வலியில்லை, தூங்குவதுபோல்தான் என்று. அப்படி ஏதேனும் கிடைத்தால் உறையிலிட்டு, இப்போது வேண்டுமா பிறகு வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். அவர்கள் படிக்கும் முன் ஊடகத்துக்குப் போகவே கூடாது.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். "கர்த்தருடைய சித்தம்" என்று தொடங்காதீர்கள். ஒருவர் மட்டும் பிழைத்த இடத்தில், ஒரு வீட்டின் ஜெபம் கேட்கப்பட்டது, மற்ற வீடுகளுடையது கேட்கப்படவில்லை என்றுதான் அது காதில் விழும். கடவுள்மேல் கோபப்படுகிறவரிடம் வாதாடாதீர்கள். கோபமும் ஜெபம்தான். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. அடக்க ஆராதனையில் அதைத் துணிந்து வாசிக்கலாம். தப்பிப் பிழைத்தவர் வீட்டுக்கும் அன்று ஷிப்ட் இல்லாதவர் வீட்டுக்கும் தவறாமல் போங்கள். குற்றவுணர்வு அங்கே ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

நடந்ததை விவரிக்கச் சொல்லி யாரையும் முதல் நாட்களில் வற்புறுத்தக் கூடாது. அப்படி விவரிக்கவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையே முடங்கிக் கிடந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

முதல் மாதம் சாப்பாடு குவியும். மூன்றாம் மாதம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, இழப்பீட்டுப் படிவங்களும் விசாரணையும் வருவது அப்போதுதான். எந்த வீட்டுக்கு யார், எந்தக் கிழமை என்று சபை ஓராண்டுக்குப் பெயர்ப் பட்டியல் போட்டுக்கொள்ளட்டும்.