வீஜீஏ இல்லாத வீஜீஏ

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏதாவதொரு கடைக்குப் போய் "தம்பி, ஒரு வீஜீஏ வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "கார்டா, கேபிளா?" என்ற கேள்விதான் பதிலாக வரும். கொழும்பில் இந்த ஒரு சொல் மூன்று பொருட்களைக் குறிக்கிறது: கணினிக்குள் பொருத்தும் வரைகலை அட்டை, நீலத் தலை வைத்த மொனிட்டர் கேபிள், அந்தக் கேபிளைச் செருகும் இடம். சிங்களத்தில் கேட்டாலும் இதே சொல், இதே குழப்பம்.

எங்கள் அத்தான் இதில்தான் மாட்டினார். கணக்கு வேலைக்கு இரண்டு மொனிட்டர் வேண்டும் என்பது அவர் ஆசை. ஒன்று புதியது. மற்றது வீஜீஏ மட்டுமே உள்ள பழசு. "வீஜீஏ மொனிட்டருக்கு வீஜீஏ கார்ட், அவ்வளவுதானே" என்று வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்து அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தால் புதுவகைச் செருகுமிடங்கள்தான்: டிஸ்பிளேபோர்ட் மூன்று, எச்டிஎம்ஐ ஒன்று. வீஜீஏ இல்லை! "ஏமாத்திப் போட்டாங்கள் தம்பி" என்றார். கடைக்காரர் மேல் பிழை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

வீஜீஏ என்பது வீடியோ கிராஃபிக்ஸ் அரே என்பதன் சுருக்கம். 1987இல் ஐபிஎம் தன் பீஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த காட்சித் தரம் அது: 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். அதற்கு முன் 1981இல் வந்த சீஜீஏ, 1984இல் வந்த ஈஜீஏ இரண்டிலும் கடைசி எழுத்து அடாப்டரைக் குறித்தது. அவை தனியாகச் செருகும் அட்டைகள். வீஜீஏயிலோ பல சில்லுகள் செய்த வேலையை ஒரே சில்லுக்குள் அடக்கி, அதைக் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே வைத்துவிட்டார்கள். அடாப்டர் போய் அரே வந்தது அதனால்தான். பிறகு மற்றக் கம்பனிகள் அதே தரத்தில் தனி அட்டைகள் செய்து விற்றன. தரம் பழசாகிப் போனது, பெயர் அட்டையில் ஒட்டிக்கொண்டது. அட்டை வேண்டாம் என்று பிறந்த பெயர் நம்மூரில் அட்டைக்கே பெயராகிவிட்டது!

தமிழில் என்ன சொல்லலாம்? 'காணொளி வரைகலை அணி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம்தான். காண் என்ற வேர் வீடியோவின் லத்தீன் மூலத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் விளங்காது. என் பார்வையில் அட்டையை வரைகலை அட்டை என்றே சொல்ல வேண்டும். செருகும் இடத்துக்குத் துறை என்ற சொல் உண்டு. துறைமுகத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒரு அட்டையில் பல மொனிட்டர் பூட்டுவதைப் பல்திரை எனலாம். வீஜீஏ என்பதை அந்த 15 ஊசித் துறையின் இடுபெயராக அப்படியே விட்டுவிடலாம்.

அந்த ஊசிகள் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசிகளில் அனலாக் சமிக்ஞைகளாக, அதாவது தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகும். வரைகலை அட்டைகளுக்குப் பெயர்போன என்விடியா கம்பனி, 2016இல் வந்த ஜீஃபோர்ஸ் 10 வரிசையிலிருந்து தன் அட்டைகளில் அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. ஆகவே வெறுமனே முனையை மாற்றும் துண்டு போதாது, டிஜிட்டலை அனலாக் ஆக்கும் சில்லு உள்ள அடாப்டர் வேண்டும். பெயரிலிருந்து துரத்தப்பட்ட அடாப்டர் இப்படித்தான் திரும்பி வந்தது.

அதையும் வாங்கிக் கொடுத்தேன். அப்புறமும் பழைய திரை கறுப்புத்தான். குனிந்து பார்த்தால், அடாப்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகியிருக்கிறார். அட்டை பூட்டியதும் மதர்போர்டின் காட்சித் துறைகள் பல கணினிகளில் தாமாகவே அணைந்துவிடும். அட்டையின் எச்டிஎம்ஐயில் இருந்த புதிய மொனிட்டரை டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றி, பழசை அடாப்டரோடு அந்த எச்டிஎம்ஐயில் கொடுத்து, விண்டோஸ் விசையோடு பீ எழுத்தை அழுத்தி, நீட்டிப்பு முறையைத் தேர்ந்தேன். எக்செல் இரண்டு திரையிலும் விரிந்தது.

"இந்தச் சாமானை என்ன சொல்லிக் கேட்டு வாங்கினீர்?" என்றார் அத்தான்.

வீஜீஏ என்று சொல்லித்தான்.