‘ஒரு ஜன்னல்தானே அண்ணே’ என்று சொல்லாதீர்கள்

இந்த செமஸ்டர் லீவிலும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் ஒரு மடிக்கணினி வந்தது. பல்கலைக்கழக லேப்பின் லினக்ஸ் மெஷினில் ஓடும் நிரலைத் தோட்டத்து வீட்டில் இருந்தபடியே தன் திரையில் பார்க்க வேண்டும் என்று, யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, தம்பி விசிஎக்ஸ்சர்வ் ஏற்றியிருக்கிறார். லினக்ஸ் நிரலின் ஜன்னலை விண்டோஸ் திரையில் காட்டும் மென்பொருள் அது. ‘டிஸேபல் அக்சஸ் கன்ட்ரோல்’ பெட்டியில் ஒரு டிக் (யார் இணைந்தாலும் கேள்வி கேட்காதே என்று அர்த்தம்), விண்டோஸ் ஃபயர்வால் கேட்டதற்கெல்லாம் ‘அலவ்’. வேலை செய்ததாம். செய்யாமல் என்ன! அப்புறம் அதே மடிக்கணினியை மாமாக் கடை வைஃபையில் வைத்துக்கொண்டு பேங்க் கணக்கையும் திறந்திருக்கிறார்.

கேட்டால், “அந்த ஒரு ஜன்னல் மட்டும்தானே அண்ணே வருது?”

இல்லை தம்பி. எத்தனை பேரிடம்தான் இதைச் சொல்வது! விசிஎக்ஸ்சர்வுக்குள் இருப்பது எக்ஸ், லினக்ஸ் நிரல்களின் ஜன்னல்களைத் திரையில் காட்டும் முறை. அது 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இன்றும் ஓடும் எக்ஸ்11 1987இல் வந்தது. ஒரே வளாகத்தில் ஒருவரை ஒருவர் நம்பியவர்களுக்காகச் செய்தது. திரையோடு இணைந்த எந்த நிரலும் பக்கத்து ஜன்னலில் நீங்கள் தட்டும் எழுத்தைப் படிக்கலாம், முழுத் திரையைப் படம் பிடிக்கலாம், நீங்களே தட்டியது போல எழுத்தும் அனுப்பலாம். விருந்தாளிக்கு முன்னறையை மட்டும் திறந்ததாக நினைக்கிறீர்கள், இந்த வீட்டுக்குள் சுவரே கிடையாது. அதுவும் கதவு திறந்து கிடப்பது பல்கலைக்கழகத்தில் அல்ல, உங்கள் மடிக்கணினியில், போர்ட் 6000 என்ற நெட்வொர்க் வாசலில். அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் யாரும் நுழையலாம். (லினக்ஸில் இப்போதெல்லாம் அந்த நெட்வொர்க் கதவு இயல்பாகவே மூடியிருக்கும். அதற்காக, யாரையும் உள்ளே விடும் ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ கட்டளையை அடித்துப் பார்க்க வேண்டாம்.)

அந்த டிக்கை எடுங்கள். தூரத்து மெஷினோடு இணைய விண்டோஸில் போடும் புட்டி மென்பொருளில் ‘எனேபிள் எக்ஸ்11 ஃபார்வர்டிங்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் எல்லாம் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கம் செய்த இணைப்பின் சுரங்கத்துக்குள்ளேயே வரும். ஜன்னல் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியை லேப் மெஷினில் கையால் மாற்றாதீர்கள், எஸ்எஸ்எச் தானே வைத்துக்கொள்ளும், அதன் எண் பெரும்பாலும் 10இல் தொடங்கும். லினக்ஸ்காரர்கள் எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எக்ஸ் (-X) போடுங்கள், சின்ன எக்ஸ் (-x) போட்டால் ஃபார்வர்டிங் நின்றுவிடும். பெரிய ஒய் (-Y) போட்டால் முழு நம்பிக்கை கொடுத்ததாக அர்த்தம், அதாவது மேலே சொன்ன சுவரில்லாத வீடு. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளிலோ பெரிய எக்ஸும் இயல்பாக அதே முழு நம்பிக்கைதான், இது பலருக்குத் தெரிவதில்லை.

சுரங்கம் நடுவழியில் ஒட்டுக்கேட்பவனைத் தடுக்கும், மறுமுனை மெஷினின் ரூட்டை, அதாவது அங்கே முழு அதிகாரம் உள்ளவரை, தடுக்காது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த மெஷினோடு மட்டும் இணையுங்கள். பேங்க் வேலை இருந்தால் முதலில் அந்த இணைப்பை மூடுங்கள், தயவுசெய்து. தோட்டத்து லைனில் ஜன்னல் ஆமை வேகத்தில் திறந்தால் சுரங்கத்துக்குள் விஎன்சி (தூரத்துத் திரையைப் படமாக அனுப்பும் முறை) போட்டுப் பாருங்கள், கதவை இன்னும் அகலமாகத் திறந்து வேகம் வராது.

ஒன்று விட்டுவிட்டேன். விசிஎக்ஸ்சர்வில் டிக்கை எடுத்தாலும் ஃபயர்வாலில் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும். அனுமதிப் பட்டியலைத் திறந்து, விசிஎக்ஸ்சர்வின் எதிரே ‘பப்ளிக்’ என்பதில் இருக்கும் டிக்கையும் நீங்களே எடுக்க வேண்டும்.