பெண் அமையவில்லை என்று தரகரிடம் பணம் கட்டும் முன்

மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து தாண்டியிருக்கும். வெளிமாநிலத்துப் பெண், நடுவில் ஒரு தரகர், கைமாறிய லட்சங்கள். தாலி கட்டிய சில நாளில் பெண்ணும் இல்லை, நகையும் இல்லை. தரகர் போனை எடுப்பதில்லை. இதே புகாரை எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. கூடவே தவறாமல் ஒரு வசனம்: "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ரொம்பக் கண்டிஷன் போடறாங்க, வக்கீல் சார்."

கணக்கைப் பாருங்கள். இயற்கையாக 1000 ஆண் குழந்தைக்குச் சுமார் 950 பெண் குழந்தை பிறக்கும். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 பையன்களுக்கு நாடு முழுதும் 927 பெண்கள்தான். ஹரியானாவில் 819, நம் சேலம் மாவட்டத்தில் 851. இன்று கல்யாண வயதில் நிற்பது அந்தக் குழந்தைகள்தான். ஸ்கேனிலும் கள்ளிப்பாலிலும் கழித்ததை மேட்ரிமோனியில் தேடினால் கிடைக்குமா? (கருவில் பாலினம் கேட்கும் குடும்பத்தாருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. இதையும் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

இந்த வருடம் அமையாதவர் அடுத்த வருட வரிசையில் போய் நிற்பார். வரிசை நீண்டுகொண்டே போகும். பெண் ஐந்து வயது இளையவளாக இருக்க வேண்டுமாம். பிறப்பே குறைந்துவரும் மாநிலத்தில் ஐந்து வருடம் தள்ளிப் பிறந்தவர்கள் அதனாலேயே குறைவு. அதற்குள் சாதி, உட்பிரிவு, ஒரே கூட்டம் (குலம்) ஆகாது, செவ்வாய் தோஷம் ஆகாது. கடைசியில் காடுதோட்டமும் படிப்பும் குறைந்த ஆண்கள்தான் மிஞ்சுகிறார்கள். கண்டிஷன் போட்டது யார்?

"பெண் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு கூடும்" என்பவர்கள் ஹரியானாவைப் பாருங்கள். அசாம், பீகார், மேற்கு வங்கத்திலிருந்து பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டவளை, பிள்ளை பெற்ற பிறகும் விலைக்கு வந்தவள் என்றே ஊர் பேசுகிறது.

வெளிமாநிலச் சம்பந்தம் தவறே இல்லை. ஆனால் அவள் ஊருக்கு, அவள் வீட்டுக்கு நேரில் போங்கள். லாட்ஜில் பெண் பார்க்காதீர்கள். அவள் மொழி தெரிந்த உங்கள் ஆள் ஒருவரை வைத்து அவளிடம் தனியாகச் சம்மதம் கேளுங்கள். மொழிபெயர்க்கத் தரகரே உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ பாருங்கள், ஆதார் போதாது. 18 ஆகாதவளைக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, விற்கப்பட்ட சிறுமி என்றால் அந்தத் திருமணமே செல்லாது. பெண்ணுக்கு விலை பேசினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 143-ஆம் பிரிவின் கீழ் ஆள்கடத்தல் வழக்கில் நீங்களும் நிற்க நேரிடலாம். ஏமாந்தவன் என்று சொல்லித் தப்புவது சுலபமில்லை. தமிழ்நாட்டில் நடந்த திருமணம் என்றால் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தரகர் சொன்னால் அதுவே எச்சரிக்கை.

உறவுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெண் அழுதுகொண்டே மணையில் உட்கார்ந்திருந்தால், "புது இடம், அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள், சிறுமி என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098. வைத்த மொய் போனால் போகட்டும்.